ஏழாவது பாட்டில்

ஸ்ரீவில்லிபுத்தூர்,
6.9.2025, சனிக்கிழமை

சிவரஞ்சனி அப்பாவுக்கு,

சௌக்கியமா என்று கேட்கப்போவதில்லை. கேட்டால் "எனக்கென்ன, நல்லாத்தான இருக்கேன்" என்பீர்கள். கல்யாணமாகிப் பத்து வருஷம். அதில் ஒன்பது வருஷம் உங்களுக்கு இந்தக் குடல்புண். ஒன்பது வருஷமும் இதே பதிலைக் கேட்டுக் காது புளித்துவிட்டது. முந்தின வருஷம் ரத்தமாகப் போய், மதுரைக்கு ஆம்புலன்ஸில் கொண்டுபோனோமே, அப்போதும் ஸ்ட்ரெச்சரில் படுத்துக்கொண்டு நர்ஸ் பியூலாவிடம் அதையேதான் சொன்னீர்கள். அந்தம்மா என்னைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டது. அதனால்தான் போன் வேண்டாம், எழுதுங்கள் என்கிறேன். பேச்சில் உங்களுக்குப் பொய் தண்ணீராக வரும். பேனாவைப் பிடித்தால் கொஞ்சமாவது யோசிப்பீர்கள்.

போன் வேண்டாம் என்பதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. ஆஸ்பத்திரியில் என் நம்பரைத்தான் கொடுத்திருக்கிறோம். சதைப் பரிசோதனை முடிவு பத்து நாளில் வாட்ஸ்அப்பில் வரும் என்று சொல்லியிருக்கிறார்கள். அது வந்து நிற்பதைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. போனை அணைத்து அம்மாவின் அரிசி டிரம்முக்குள் புதைத்துவிட்டேன். காலையில் அரிசி அள்ளப் போன அம்மா, "ஏட்டி, என்னட்டி இது, அரிசிக்குள்ள போன் மொளைக்குது" என்று கத்தினாள். மறுபடியும் உள்ளேயே வைக்கச் சொல்லிவிட்டேன்.

நான் கோபித்துக்கொண்டு பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன் என்று தெருவெல்லாம் சொல்லிக்கொண்டிருப்பீர்கள். ஆமாம், கோபம்தான். செவ்வாய்க்கிழமை மதுரையில் குழாய் விட்டுப் பார்த்தார்கள். அன்றைக்கே ஒரு மாதத்துக்கு மாத்திரை வாங்கினோம். வெள்ளிக்கிழமை நீங்கள் கண்ணாடியை மறந்துவிட்டுப் போனீர்கள் என்று நீங்கள் ஓட்டும் பஸ்ஸுக்கே கொண்டுவந்தேன். அங்கே கண்ணாடியை வைக்க முதலுதவிப் பெட்டியைத் திறந்தால் உள்ளே அத்தனை அட்டையும் பிரிக்காமல் கிடக்கிறது. ஒன்றுகூடக் கிள்ளவில்லை. கேட்டால் என்ன சொன்னீர்கள்? "உள்ள அம்புட்டு கட்டி கெடக்கு. இனிமே இந்த மாத்திரைய முழுங்கி என்ன ஆகப்போகுது?" பாண்டிதுரை அண்ணன் கண்டக்டர் பையோடு பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். நான் அழுததையும் பார்த்தார்.

ஒரே ஒரு சொல்லுக்கு இப்படி ஆகிவிட்டீர்கள். டாக்டரம்மா ஒன்பது இடத்தில் சதை கிள்ளி ஒன்பது பாட்டிலில் போட்டார்கள். ஏழாவதை மட்டும் தனியாக வைத்து, "இது ஒண்ணு மட்டும் பார்க்க வேற மாதிரி இருக்கு. பயப்படற மாதிரி இல்லாமலும் இருக்கலாம். பார்த்துடுவோம்" என்றார்கள். அந்த "இருக்கலாம்" என்பதைப் பிடித்துக்கொண்டு நீங்கள் மாத்திரையை விட்டீர்கள். நான் சோற்றை விட்டேன்.

இங்கே வராதீர்கள். வந்தால் வாசலில் நின்று நல்லா இருக்கேன் என்பீர்கள். தினமும் எத்தனை தடவை போகிறது, ரத்தம் உண்டா, வலி உண்டா, மாத்திரை போட்டீர்களா, இந்த நாலையும் எழுதுங்கள். பெனின் தம்பி மகாராஜபுரம் பஸ்ஸை இந்த வழியாகத்தானே ஓட்டுகிறது. பஸ் ஸ்டாண்டு வாசலில் அம்மாவின் பூக்கடையில் கொடுத்துவிட்டுப் போகட்டும்.

சந்தனம்


ராஜபாளையம்,
8.9.2025

சந்தனத்துக்கு,

உன் கடிதத்தைக் கொடுக்கும்போது பெனின் சிரித்த சிரிப்பை நீ பார்த்திருக்க வேண்டும். "என்னண்ணே, மதினிகிட்டயே மறுபடியும் லவ்வா?" என்கிறான். பத்து வருஷத்தில் உன்னிடமிருந்து எனக்கு வந்த முதல் கடிதம் நான் எத்தனை தடவை கக்கூஸ் போனேன் என்று கேட்டு வந்தது என்று அவனிடம் எப்படிச் சொல்ல?

சரி. நீ கேட்ட நாலு. இரண்டு தடவை. ரத்தம் இல்லை. வலி இல்லை. மாத்திரை போடவில்லை. பொய் எழுதவில்லை, பார்த்துக்கொள்.

அய்யனார் கோவில் டிரிப் எப்போதும்போல ஓடுகிறது. கொய்யா விற்கப் போகும் பெத்தம்மாள் அக்கா இன்றைக்கும் ஒரு வாழைப்பழத்தைக் கொடுத்து, "விரதம் முடிச்சுட்டுச் சாப்பிடுப்பா" என்றது. காலை ஐந்து மணியிலிருந்து மதியம் இரண்டு மணி டிரிப் முடியும்வரை பச்சைத் தண்ணீர் பல்லில் படாமல் ஓட்டுகிறேனே, அதைப் பார்த்து என்னைப் பெரிய பக்தன் என்று இந்த ரூட்டே நம்பிக்கொண்டிருக்கிறது. சாமிக்காக நான் என்றைக்குப் பட்டினி கிடந்தேன்? வழியில் கக்கூஸ் இல்லை என்று கிடக்கிறேன். ஒரு வருஷமாக வயிற்றில் ஒரு தொந்தரவும் இல்லை. ஆனாலும் ஸ்டியரிங்கைப் பிடித்தால் எட்டு வருஷப் பயம் வந்து மடியில் உட்கார்ந்துகொள்கிறது. அந்த அக்கா கோயிலில் எனக்கும் சேர்த்து விபூதி வாங்கி வருகிறது. வாங்கிப் பூசிக்கொள்ள வெட்கமாக இருக்கிறது.

உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும். ஒரு வருஷமாக நன்றாக இருந்தவனை மறுபடியும் உள்ளே பார்க்க வைத்தது யார்? "வெளியே ரத்தம் நின்னா போதாது, உள்தோல் ஆறியிருக்கான்னு பார்க்கணும், எட்டு வருஷம் தாண்டிட்டா புற்று இருக்கான்னும் பார்க்கணும்" என்று டாக்டரம்மா சொன்னதைப் பிடித்துக்கொண்டு நீ ஒரு மாதம் என்னை அரித்தாய். நான் மாட்டேன் என்றேன். கடைசியில் பூக்கட்டிப் பார்ப்போம் என்றேன். ஒரு பொட்டலத்தில் வெள்ளைப்பூ, ஒரு பொட்டலத்தில் செவ்வரளி. ஆத்தா காலடியில் வைத்துப் பிள்ளையை ஒன்றை எடுக்கச் சொல்லுவோம். வெள்ளை வந்தால் மதுரை, சிவப்பு வந்தால் நீ வாயைத் திறக்கக் கூடாது. நீதான் கட்டினாய். நம் தெரு மாரியம்மன் முன்னால் சிவரஞ்சனிதான் எடுத்தாள். வெள்ளை வந்தது. ஆத்தாளே போகச் சொல்லிவிட்டாள் என்று போனேன். போய் எதை வாங்கி வந்தேன்? ஏழாவது பாட்டில்.

முடிவு வரட்டும், மாத்திரையைப் பிறகு பார்க்கலாம். பிள்ளைக்குக் காய்ச்சல் என்று பள்ளிக்கூடத்தில் எத்தனை நாள்தான் சொல்லுவாய்? காலாண்டுப் பரீட்சை வருகிறது.

மாரிசெல்வம்


ஸ்ரீவில்லிபுத்தூர்,
10.9.2025

சிவரஞ்சனி அப்பாவுக்கு,

ஆத்தாளை இதில் இழுக்காதீர்கள். அந்தப் பேச்சு வேண்டாம்.

மாத்திரை போடவில்லை என்று எழுதியிருக்கிறீர்களே, அதைப் படித்ததும் கடையில் கட்டிக்கொண்டிருந்த சரம் மடியில் அவிழ்ந்துவிட்டது. அம்மா ஏற்கெனவே என் மேல் கோபத்தில் இருக்கிறாள். நான் முழம் போட்டால் ஒரு விரல் கூடவே போகிறதாம். குறைத்து அளக்க எனக்குக் கை வராது. "நீ இருந்தா கடை வெளங்குன மாதிரிதான்" என்கிறாள். மாப்பிள்ளை அவிய என்ன சொல்லுதாவ என்று கேட்டாள். நல்லா இருக்காவளாம் என்றேன். உங்கள் பொய் எனக்கும் ஒட்டிக்கொண்டது.

இப்போது கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். குழாய் எடுத்த பிறகு நீங்கள் மயக்க மருந்தில் மாடு மாதிரி விழித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தீர்கள். டாக்டரம்மா சொன்னது பூராவும் என்னிடம்தான். டிவியில் காட்டினார்களே, பாலாடை மாதிரி வெளுப்பாக, குச்சி குச்சியாக, கொத்துக் கொத்தாக. அதற்குப் பெயர் சூடோபாலிப்பாம். அந்தப் பெயர் என் வாயில் நுழைவதற்குள் பஸ் கிருஷ்ணன்கோவில் வந்துவிட்டது. அது கட்டி இல்லை. நான் புரியாமல் முழித்ததைப் பார்த்து அவர்களே ஒரு தாளில் வரைந்து காட்டினார்கள். அய்யனார் கோவில் ஆற்றில் வெள்ளம் வந்து மண்ணை அரித்துக்கொண்டு போனால் அங்கங்கே அரிபடாத திட்டு நிற்கும் இல்லையா, அது மாதிரி. சுற்றியிருந்த தோலையெல்லாம் புண் தின்றுவிட்டது. தின்னாமல் விட்ட தோலும், பிறகு ஆறும்போது வளர்ந்த தோலும்தான் அப்படித் துருத்திக்கொண்டு நிற்கிறது. வெள்ளம் வடிந்துவிட்டது, திட்டு மட்டும் நிற்கிறது. சுற்றிலும் புதுத்தோல் வந்திருக்கிறதாம். "மாத்திரை நல்லா வேலை செஞ்சிருக்கும்மா" என்று டாக்டரம்மா சந்தோஷமாகத்தான் சொன்னார்கள். அந்தத் திட்டுகள் புற்றாக மாறுகிற வகையும் இல்லையாம்.

பிறகு ஏன் ஏழாவது பாட்டில் என்று கேட்பீர்கள். நானும் கேட்டேன். இத்தனை திட்டு இருக்கிற இடத்தில் நிஜமானது ஒன்று ஒளிந்துகொண்டிருந்தால் கண்ணால் மட்டும் கண்டுபிடிக்க முடியாதாம். ஒன்று மட்டும் தட்டையாக, நிறம் மாறி இருந்ததாம். அதுதான் ஏழு.

இவ்வளவும் உங்களுக்குத் தைரியம் சொல்ல எழுதுகிறேன். எனக்குத் தைரியம் இல்லை. கடையில் செவ்வரளிக் கூடையைப் பார்த்தால் எழுந்து உள்ளே போய்விடுகிறேன்.

சிவரஞ்சனி இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை. என்னவென்று கேட்டால் வயிறு வலிக்கிறது என்கிறாள். உங்கள் பிள்ளைதானே, வயிற்றைப் பற்றி உண்மை சொல்லுமா? மாத்திரையைப் போடுங்கள்.

சந்தனம்


ராஜபாளையம்,
12.9.2025

சந்தனத்துக்கு,

பிள்ளைக்கு வயிற்றுவலி என்று எழுதியிருக்கிறாயே, எந்தப் பக்கம்? வெளியே எப்படிப் போகிறது? அதை எழுதாமல் விட்டுவிட்டாயே. என் வியாதி அவளுக்கு வந்துவிடக் கூடாது. நேற்றிலிருந்து வேறு நினைப்பே இல்லை.

என் விவரம். இன்று இரண்டு தடவை. முதல் தடவை சிவப்பாகப் போனது.

பதறாதே, முழுதும் படி. அய்யனார் கோவில் ஸ்டாப்பில் வண்டியை நிறுத்திவிட்டு, கோயில் கக்கூஸுக்குப் போனேன். பார்த்தால் பீங்கான் பூராவும் சிவப்பு. சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். வெளியே பாண்டிதுரை விசில் ஊதுகிறான், டைம் ஆகிவிட்டது என்று. எங்கள் அய்யா குருசாமியைத்தான் நினைத்துக்கொண்டேன். அவரும் மூலம் மூலம் என்று சொல்லி, நாட்டு மருந்து தின்று, கடைசியில் பெரியாஸ்பத்திரியில் குடலில் புற்று என்று எழுதிக் கொடுத்தபோது, அவரை நான் தோளில் தூக்கிக்கொண்டு படி இறங்கினேன். அறுபது கிலோ இருந்த ஆள், சாக்குப் பை கனம்கூட இல்லை. இதை உன்னிடம் நான் இதுவரை சொன்னதில்லை. சொன்னால் நீ என்னையும் அப்படிப் பார்ப்பாய் என்று பயம்.

பிறகுதான் ஞாபகம் வந்தது. நேற்று மத்தியானம் பாண்டிதுரை தன் டிபனில் பாதியைக் கொடுத்தான். பீட்ரூட் பொரியல். ஒரு வருஷமாக அதைத் தொட்டதில்லை, தின்றால் மறுநாள் சிவப்பாகப் போகும் என்பது மறந்தே போனது. அவனை ஒரு அடி அடிக்கலாம் என்று வந்தது. வண்டியில் ஏறியதும் பெத்தம்மாள் அக்கா, "முகமெல்லாம் வேர்த்திருக்கே, விரதத்துல அம்புட்டு வைராக்கியம் வேண்டாம்ப்பா" என்றது.

வாட்ஸ்அப்பைப் பார்த்தாயா? பத்து நாள் இன்றோடு முடிகிறது. பார்த்திருந்தால் சொல்லாதே. பார்க்கவில்லை என்றால் அதையும் சொல்லாதே. எனக்கு எதைக் கேட்பது என்று தெரியவில்லை.

நேற்று அந்த மஞ்சள் மாத்திரையைக் கையில் எடுத்தேன். திரும்பவும் பெட்டியில் வைத்துவிட்டேன். ஏன் என்று கேட்காதே.

மாரிசெல்வம்


ஸ்ரீவில்லிபுத்தூர்,
14.9.2025, ஞாயிறு

சிவரஞ்சனி அப்பாவுக்கு,

பிள்ளைக்கு வயிற்றில் ஒன்றும் இல்லை. அவளுக்கு என்னவென்று நேற்றுத்தான் தெரிந்தது. அதை எழுதத்தான் உட்கார்ந்தேன். இரண்டு தாளைக் கிழித்துப் போட்டுவிட்டேன். இதையும் கிழித்துவிடுவதற்குள் பெனின் தம்பி வந்துவிட வேண்டும்.

நேற்று கடையில் உதிரியாகக் கிடந்த நந்தியாவட்டையைப் பொறுக்கி, தாளில் சுற்றி, நூல் கட்டிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் செவ்வரளியும் ஒரு பொட்டலம். கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுக்கிறாள், பிரிக்கிறாள், மறுபடியும் கட்டுகிறாள். என்ன விளையாட்டு இது என்று அதட்டினேன். அழுதுவிட்டாள். "நான் அன்னைக்கு மத்தத எடுத்திருந்தா அப்பா ஆசுபத்திரிக்குப் போயிருக்க மாட்டாருல்ல? அப்பாவுக்கு ஒண்ணும் வந்திருக்காதுல்ல?" என்றாள். எட்டு வயசுப் பிள்ளை. சோறு இறங்காமல் இத்தனை நாளும் இதைத்தான் விழுங்கிக்கொண்டிருந்திருக்கிறாள்.

அதற்குப் பதில் என்னிடம் இருக்கிறது. உங்களிடம்தான் முதலில் சொல்கிறேன்.

அன்றைக்கு இரண்டு பொட்டலத்திலும் வெள்ளைதான் வைத்தேன்.

செவ்வரளியைப் பறித்துத்தான் வைத்திருந்தேன். சத்தியமாக. தாளில் வைக்கும்போது கை அதைத் தொடவில்லை. சிவப்பு வந்துவிட்டால் நீங்கள் போகமாட்டீர்கள், நல்லா இருக்கேன் நல்லா இருக்கேன் என்று சொல்லிக்கொண்டே ஒருநாள் கையை விட்டுப் போய்விடுவீர்கள் என்று ஒரே பயம். ஆத்தா மேல் எனக்கு நம்பிக்கை இல்லாமல் இல்லை. அவள் சிவப்பை எடுத்துக் கொடுத்துவிடுவாளோ என்று பயந்தேன். இதைச் சாமியிடம் போய் எந்த வாயால் சொல்ல? செவ்வரளியை முந்தானையில் முடிந்துகொண்டு வந்து கோயில் கிணற்றில் போட்டேன்.

அவள் சன்னதியிலேயே அவளை ஏமாற்றினேன். அதற்குத்தான் ஏழாவது பாட்டில் வந்தது என்று தோன்றுகிறது. எனக்கு வர வேண்டியது உங்களுக்கு வந்துவிட்டது. நீங்கள் "ஆத்தாளே சொல்லிட்டா" என்று எழுதியதைப் படித்த நாளிலிருந்து நான் உயிரோடு இல்லை. நீங்கள் மாத்திரையை நிறுத்தினதும் நான் செய்ததால்தான்.

இன்னொன்று. நேற்று மத்தியானம் அரிசிக்குள் கையை விட்டுப் போனை எடுத்து ஆன் செய்தேன். வந்துவிட்டது. ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு பைல். சின்னதாக ஒரு அம்புக்குறி, தொட்டால் திறக்கும். விரலை வைக்க முடியவில்லை. அணைத்து மறுபடியும் அரிசிக்குள் வைத்துவிட்டேன். அந்த டிரம்மில் இருந்துதான் மூன்று வேளையும் சோறு பொங்குகிறோம்.

என்னைத் திட்டி எழுதுங்கள். எழுதாமல் இருந்துவிடாதீர்கள்.

சந்தனம்


ராஜபாளையம்,
15.9.2025

சந்தனத்துக்கு,

இந்தக் கடிதத்தோடு ஒரு அட்டை வைத்திருக்கிறேன். இரண்டு மாத்திரை கிள்ளியிருக்கும். ஒன்று நேற்று உன் கடிதம் வந்ததும் போட்டது, ஒன்று இன்றைக்கு. பன்னிரண்டு நாள் விட்டிருக்கிறேன். டாக்டரம்மாவிடம் நீயே சொல், திட்டு வாங்க எனக்குத் தெம்பு இல்லை.

இரண்டு பொட்டலமும் வெள்ளை என்று எனக்குத் தெரியும்.

அன்றைக்கு நீயும் பிள்ளையும் முன்னால் நடந்துவிட்டீர்கள். செருப்பைப் போடக் கோயில் படிக்குத் திரும்பிப் போனேன். பூசாரி பெருக்கிக்கொண்டிருந்தார். எடுக்காத பொட்டலம் குப்பையோடு உருண்டு வந்தது. பிரித்துப் பார்க்கக் கூடாது என்பார்கள். உன் முடிச்சு அது, இழுத்தால் ஒரே இழுப்பில் அவிழும். அவிழ்த்தேன். நந்தியாவட்டை.

செத்த நேரம் அந்தப் படியிலேயே நின்றேன். முதலில் கோபம்தான் வந்தது. பிறகு யோசித்தேன். முழத்தில் ஒரு விரல் குறைத்து அளக்கக் கை வராது உனக்கு. அதற்காக உன் அம்மாவிடம் தினம் பேச்சு வாங்குகிறவள். நீ போய் ஆத்தா முன்னால் இந்தக் காரியம் செய்திருக்கிறாய் என்றால், உள்ளே எம்புட்டுப் பயம் இருந்திருக்க வேண்டும் உனக்கு. சாமி சொல்லி நான் மதுரைக்குப் போகவில்லை சந்தனம். நீ சொல்லித்தான் போனேன்.

பிறகு எல்லாம் தெரிந்துகொண்டே "ஆத்தாளே சொல்லிட்டா" என்று உனக்கு எழுதினேன். உனக்குக் குத்தும் என்று தெரிந்துதான் எழுதினேன். எனக்கு இருந்த பயத்தை யார் தலையிலாவது இறக்கி வைக்க வேண்டியிருந்தது. அது பிள்ளை தலையில் போய் விழும் என்று நினைக்கவில்லை. மாத்திரையை நிறுத்தியதும் உன்னால் இல்லை. மாத்திரை போட்டுக்கொண்டிருக்கும்போது புற்று என்று வந்தால் இனிமேல் செய்வதற்கு ஒன்றும் இல்லை என்று ஆகிவிடும். போடாமல் இருந்தால், போட்டிருந்தால் சரியாகியிருக்கும் என்று ஒரு நினைப்பாவது மிச்சம் இருக்கும். பைத்தியக்காரத்தனம்தான். எழுதினால்தான் எனக்கே புரிகிறது.

பிள்ளையிடம் உண்மையைச் சொல்லிவிடு. உன்னைப் பற்றி என்ன நினைப்பாளோ என்று பார்க்காதே. அவள் சாப்பிட வேண்டும்.

போனை எடுத்துத் திற. எனக்காகக் காத்திருக்காதே. சனிக்கிழமை புரட்டாசி முதல் சனி, உங்கள் ஊர்த் திருவண்ணாமலைப் பெருமாள் கோயிலுக்கு ஸ்பெஷல் ஓட்டுகிறேன். மலையடிவாரத்தில் பத்து மணிக்கு நிற்பேன். எது வந்திருந்தாலும் அங்கே வந்து என் முகத்தைப் பார்த்துச் சொல். அதற்கு முன்னாலேயே எழுதிவிட்டாலும் சரி. எனக்குப் பயமாக இருக்கிறது. நல்லா இல்லை நான்.

மாரிசெல்வம்


ஸ்ரீவில்லிபுத்தூர்,
18.9.2025

சிவரஞ்சனி அப்பாவுக்கு,

முதலில் முடிவைச் சொல்லிவிடுகிறேன், உங்களைக் காக்க வைத்து நான் கதை சொல்லப்போவதில்லை. ஏழாவது பாட்டிலில் புற்று இல்லை. புற்றுக்கு முந்தின மாற்றமும் இல்லை. அதுவும் ஆறின தழும்புதான்.

இப்போது உட்கார்ந்துகொண்டு படியுங்கள். வண்டியை ஓட்டிக்கொண்டு படிக்காதீர்கள்.

உங்கள் கடிதத்தை அம்மா பார்க்காத இடத்தில் நாலு தடவை படித்தேன். நீங்கள் அந்தப் படியில் நின்று தெரிந்துகொண்டதையும், வீட்டுக்கு வந்து ஒன்றும் தெரியாதவர் மாதிரி காபி கேட்டதையும் நினைத்தால் உங்களை என்ன செய்தால் தகும் என்று இருக்கிறது. இருபது நாள் நான் மட்டும் செத்துக்கொண்டிருந்தேன்.

பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு சொன்னேன். ரெண்டுலயும் அம்மா வெள்ளையத்தான் வச்சேன், நீ எத எடுத்திருந்தாலும் அப்பா போயிருப்பாரு என்றேன். "அப்போ எடுத்தது நீதாம்மா, நான் இல்ல" என்றாள். ஆமாம் என்றேன். இரண்டு தோசை சாப்பிட்டாள். மூன்றாவது கேட்டாள்.

அதற்குப் பிறகுதான் போனை எடுத்தேன். திறந்தால் பூராவும் இங்கிலீஷ். ஒன்பது பாட்டிலுக்கும் ஒன்பது பத்தி. ஏழாவது பத்தி மற்றதைவிட நீளமாக இருந்தது. அவ்வளவுதான், ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டேன். பியூலா நர்ஸ் எடுத்து, டாக்டரம்மா கேஸ் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள், லைனில் இருங்கள் என்றது. பாட்டு ஓடிக்கொண்டே இருந்தது. அம்மா பூக் கட்டுவதை நிறுத்திவிட்டு என் முழங்காலைப் பிடித்துக்கொண்டாள்.

டாக்டரம்மா வந்து முதலில் ஏழாவதைத்தான் படித்தார்கள். நீளமாக இருந்ததற்குக் காரணம், சந்தேகம் தீர இரண்டு பேர் பார்த்தார்களாம். மற்ற எட்டிலும் உள்தோல் நன்றாக ஆறியிருக்கிறதாம். அந்தத் திட்டுகள் அப்படியேதான் இருக்கும், போகாது, இருந்துவிட்டுப் போகட்டும் என்றார்கள். நான் அழுதது அவர்களுக்குக் கேட்டிருக்க வேண்டும். பிறகு, "மாத்திரை ஒழுங்கா சாப்பிடுறாரா?" என்று கேட்டார்கள். பன்னிரண்டு நாள் விட்டுவிட்டார் என்று சொன்னேன். உங்களுக்கு விழ வேண்டிய திட்டு பூராவும் எனக்கு விழுந்தது. ஆறினதே மாத்திரையால்தான், விட்டால் வெள்ளம் மறுபடியும் வரும், அடுத்த தடவை திட்டுகூட மிஞ்சாது என்றார்கள். திங்கட்கிழமை ரத்தப் பரிசோதனைக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள்.

இன்னொன்றும் சொன்னார்கள். இத்தனை திட்டு இருப்பதால் வருஷா வருஷம் குழாய் விட்டுப் பார்க்க வேண்டுமாம். ஒவ்வொரு வருஷமும் ஒன்பது பாட்டில், பத்து நாள். அதைக் கேட்டதும் வந்த சந்தோஷத்தில் பாதி போய்விட்டது. இந்தப் பயம் நம்மை விட்டுப் போகாது போல. சரி, இருக்கட்டும். நீங்கள் இருந்தால் போதும்.

சனிக்கிழமை மலையடிவாரத்துக்குப் பெட்டியோடு வருகிறேன். திரும்பும்போது உங்கள் வண்டியிலேயே வீட்டுக்கு வந்துவிடுவோம். அதற்கு முன்னால் ஒன்று. அடுத்த வருஷம் நான் பூக்கட்ட மாட்டேன். ஆத்தாளிடம் கேட்கவும் மாட்டேன், பிள்ளையை எடுக்கச் சொல்லவும் மாட்டேன். மதுரைக்குப் போகணும் என்று நான் சொல்லுவேன். நீங்கள் வரணும்.

சந்தனம்


ராஜபாளையம்,
19.9.2025

சந்தனத்துக்கு,

இன்று ஒரு தடவை. ரத்தம் இல்லை. வலி இல்லை. மாத்திரை போட்டாச்சு. காலையில் வண்டி எடுப்பதற்கு முன்னால் நாலு இட்லி தின்றேன். பெத்தம்மாள் அக்கா பார்த்துவிட்டு, விரதத்தை முறித்துவிட்டாயே என்று ரொம்பவும் வருத்தப்பட்டது.

அடுத்த வருஷம் வாரேன்.

மாரிசெல்வம்